மகுரிபுக்கு அப்புறம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்க
வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ரெண்டே ரெண்டு வரிதான் போட்டிருந்தேன், ஜின்னு, சைத்தான், சூனியம்னு டார்க் ஃபேண்டஸி எழுத ஆசைப்படற முஸ்லிம் பிள்ளைங்க இருந்தா கேள்வி அனுப்புங்கன்னு. இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல, பாதிக்கு மேல பொம்பளைப் பிள்ளைங்க எழுதினது, அதுல பாதி பேர் "பெயர் வேண்டாம்". தமிழ்ல முழுசா நமக்குக் கிடைச்ச முதல் முஸ்லிம் நூலே கேள்வி பதில்தான், 1572-ல வண்ணப்பரிமளப் புலவர் பாடின ஆயிர மசலா, மசலான்னாலே கேள்வின்னுதான் அர்த்தம். அதனால இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எல்லாருக்கும் பதில் சொல்ல இடம் பத்தல, மீதியை அடுத்த இதழ்ல பாக்கலாம்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா. ரெண்டு வருஷமா ஒரு நாவல் எழுதிட்டிருக்கேன், அதுல சூனியக்காரி ஒருத்தி வர்றா, ஜின்கள் வருது. எங்க காக்கா, அதாவது அண்ணன், நோட்டைப் பாத்துட்டு "இதெல்லாம் ஷிர்க்கு, அல்லாஹ்வுக்கு இணை வைக்கறது, கிழிச்சுப் போடு"ன்னுட்டார். நெசமாவே இது ஹராமா?
– பெயர் வேண்டாம், காயல்பட்டினம்

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. முதல்ல நோட்டைக் கிழிக்காதே. அடுத்தது, நான் மார்க்கம் ஓதின ஆலிமா கிடையாது, கதை எழுதறவ, ஃபத்வா குடுக்கற இடம் என்னோடது இல்ல. உங்க ஊர்ல ஓதின பெரியவங்களுக்குப் பஞ்சமே இல்ல, நம்பிக்கையான ஒருத்தர்ட்ட போய் கதையோட சுருக்கத்தைச் சொல்லிக் கேளு, "பேய்க்கதை எழுதலாமா"ன்னு மொட்டையா கேட்டா பதிலும் மொட்டையாத்தான் வரும். இட்டுக்கட்டின கதையே வேணாம்னு சொல்ற உலமாக்களும் இருக்காங்க, படிக்கறவனுக்கு இது கற்பனைன்னு தெரிஞ்சா தப்பில்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. இந்தச் சண்டை இன்னிக்கு நேத்து ஆரம்பிச்சதில்ல. 12-ம் நூற்றாண்டு தொடக்கத்துல பஸ்ராவைச் சேர்ந்த ஹரீரி, ஊரூரா ஏமாத்தித் திரியற ஒரு நாவன்மைக்காரனை வச்சு மகாமாங்கற கதைகள் 50 எழுதினப்ப முன்னுரையிலயே இதுக்கு வாதாடறார், மிருகங்களைப் பேச வச்ச கதைகளை யாரும் குத்தம் சொல்லலியே, செயல்கள் எல்லாம் எண்ணத்தைப் பொறுத்துதானேன்னு. அவர் பெரிய மொழி அறிஞர், அவருக்கே இந்தப் பயம் இருந்திருக்கு.

சூனியம்னு ஒண்ணு இருக்குன்னு எழுதறதால ஷிர்க்கு ஆயிடாது, குர்ஆன்லயே ரெண்டாவது சூரா (அத்தியாயம்) 102-வது ஆயத்துல (வசனத்துல) பாபில் நகரத்துல ஹாரூத் மாரூத்னு ரெண்டு மலக்குகளை, வானவர்களைப் பத்தி வருது. அந்த ஆயத்தை ஒரு கதை எழுதறவளா நிதானமா படிச்சுப் பாரு. "நாங்க ஒரு சோதனைதான், நீ காஃபிரா ஆயிடாதே"ன்னு எச்சரிக்காம அவங்க யாருக்கும் எதையும் சொல்லிக் குடுக்கறதில்ல. எச்சரிக்கையைக் கேட்டுட்டும் ஜனங்க கத்துக்கறாங்க. என்ன கத்துக்கறாங்க? மலையைப் பேக்கறதையும் கடலை வத்த வைக்கறதையும் இல்ல, புருஷனையும் பொண்டாட்டியையும் பிரிக்கறதை. என்னால அந்த இடத்தைத் தாண்டிப் போகவே முடியல. அவ்வளவு பெரிய கதவு திறந்து கிடக்குது, மனுஷன் உள்ள போய் எடுத்துட்டு வர்றது பக்கத்து வீட்டுக் குடும்பத்தைக் கெடுக்கற சாமான். உன் சூனியக்காரிட்ட வர்றவங்க என்ன கேட்டு வர்றாங்கன்னு யோசி, நாவல் அங்கதான் இருக்கு.

எனக்குன்னு நான் வச்சிருக்கற வேலி இதுதான், உனக்குப் பொருந்தினா எடுத்துக்க. நபிமார்களையும் நபித்தோழர்களான சஹாபாக்களையும் கதாபாத்திரமா ஆக்க மாட்டேன். இல்லாத ஆயத்து, நபி (ஸல்) சொல்லாத ஹதீஸை யார் வாயிலயும் வைக்க மாட்டேன், கெட்ட கதாபாத்திரம் வாயிலயும் வைக்க மாட்டேன், ஏன்னா யாராவது அதை நெசம்னு நம்பி அடுத்தவங்களுக்குச் சொல்லிருவாங்க. தாயத்துல எழுதற கட்டம், இஸ்முன்னு நெசமாவே புழக்கத்துல இருக்கறதை அப்படியே காப்பி பண்ண மாட்டேன். மத்தபடி இருட்டு எவ்வளவு வேணாலும் எழுதலாம். காக்காகிட்ட சண்டை போடாதே, முதல் அத்தியாயத்தைப் படிச்சுக் காட்டு.

கேள்வி: மேடம், என் கதையில ஒரு பெரிய பிரச்சினை. என் ஹீரோ அஞ்சு வேளை தொழறவன். ஜின் வந்தா காவலுக்கு ஓதற ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதிடுவான், அது ஓடிடும், மூணாவது பக்கத்துலயே கதை முடிஞ்சு போகுது! ஓத மறந்துட்டான்னு எழுதினா போலியா இருக்கு. என்ன பண்றது?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தம்பி, இந்த மூட்டையில எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி உன்னோடதுதான், ஏன்னா நானும் இதே இடத்துல பல வருஷம் மாட்டிக்கிட்டுக் கிடந்தேன்.

ஆயத்துல் குர்ஸியோட கதையையே முதல்ல பாப்போம், புகாரி ஹதீஸ் தொகுப்புல வர்றது. ரமலான் ஸகாத்து தர்மமா வந்த உணவுப் பொருளுக்குக் காவலா தோழர் அபூஹுரைராவை (ரலி) நபி (ஸல்) வைக்கறாங்க. ராத்திரி ஒருத்தன் வந்து கை கையா அள்றான். பிடிச்சிடறாங்க. "நான் ஏழை, எனக்குக் குடும்பம் இருக்கு, ரொம்பக் கஷ்டம்"னு கெஞ்சறான், பாவம்னு விட்டுடறாங்க. காலையில நபி (ஸல்), உன் கைதி என்ன ஆனான்னு கேக்கறாங்க, அவன் பொய் சொல்லிட்டான், திரும்ப வருவான்ங்கறாங்க. வர்றான். மறுபடி கெஞ்சறான், மறுபடி விட்டுடறாங்க. மூணாவது ராத்திரி இனி விடமாட்டேன்னு பிடிச்சதும் அவன் பேரம் பேசறான், உனக்குப் பிரயோஜனமா சில வார்த்தை சொல்லித் தர்றேன், என்னை விட்டுருன்னு. அவன் சொல்லிக் குடுத்ததுதான் படுக்கப் போறப்ப ஆயத்துல் குர்ஸி ஓதறது, ஓதினா விடியற வரைக்கும் உனக்குக் காவல் இருக்கும், சைத்தான் அண்ட மாட்டான்னு. காலையில நபி (ஸல்) சொல்றாங்க, அவன் பெரும் பொய்யன், ஆனா உன்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கான், மூணு ராத்திரியா யார்கிட்டப் பேசிட்டிருந்தேன்னு தெரியுமா, அவன் சைத்தான்.

இதுல யாரும் எதையும் ஓத மறக்கல. அவன் உள்ள வந்த வழி எது? இரக்கம். குடும்பம் இருக்கு, கஷ்டம்னு சொன்னா யாருக்கும் மனசு இளகத்தானே செய்யும். கோரைப்பல்லு வேணாம், கொம்பு வேணாம், ராத்திரி கையேந்தி நிக்கற ஒரு ஏழை போதும். அதோட அவனை விரட்டற மருந்தை அவனே சொல்லிக் குடுத்துட்டுப் போறான், அது உண்மையாவும் இருக்கு. பொய்யன் உண்மை பேசற நேரம் எவ்வளவு பயங்கரமான நேரம்னு யோசிச்சுப் பாரு, இனிமே அவன் சொல்ற எதை நம்பறது, எதை விடறது?

நான் பிடிச்சிருக்கற இழை இன்னொண்ணு இருக்கு, இப்ராஹீம் சூரா 22-வது ஆயத்து. எல்லா தீர்ப்பும் முடிஞ்ச பிறகு சைத்தான் தன் பின்னாடி வந்தவங்களைப் பாத்துச் சொல்வான், உங்க மேல எனக்கு எந்த அதிகாரமும் இருந்ததில்ல, நான் கூப்பிட்டேன், நீங்க வந்தீங்க, என்னைப் பழிக்காதீங்க, உங்களையே பழிச்சுக்கோங்கன்னு. நம்ம டார்க் ஃபேண்டஸிக்கு அஸ்திவாரமே இதுதான்னு நான் முழுசா நம்பறேன். நம்ம உலகத்துல தீய சக்தி ஜெயிச்சிருமோ, அல்லாஹ்வைத் தோக்கடிச்சிருமோங்கற சஸ்பென்ஸுக்கு இடமே இல்ல, அதை முயற்சி பண்ணினா உன் கதையை ஒரு முஸ்லிம் வாசகன் ஒரு நிமிஷம் கூட நம்ப மாட்டான். அவனால கழுத்தைப் பிடிச்சு இழுக்க முடியாது, கூப்பிட மட்டும்தான் முடியும். அப்ப பயம் எங்க இருக்கு? தாப்பாள்ல கை வைக்கற மனுஷன்கிட்ட இருக்கு. உன் ஹீரோ ஆயத்துல் குர்ஸி ஓதட்டும், அது போகட்டும், மறுநாள் ராத்திரி ஓதலாமா வேணாமான்னு அவனே யோசிக்கற மாதிரி ஒரு காரணத்தை அவனுக்குக் குடு. செத்துப்போன வாப்பாவோட குரல்ல அது பேசிச்சுன்னா? ஓதினா அந்தக் குரல் போயிடும்னா? தூக்கம் வர்ற நேரம், ஓத வாய் வரைக்கும் வருது, ஓதாம படுத்துக்கறான். மூணாவது பக்கத்துல முடிஞ்சுபோற கதையா இது, முந்நூறு பக்கம் போகும் தம்பி.

கேள்வி: ஜின் விளக்குல இருந்து வருமா, மோதிரத்துல இருந்து வருமா? மூணு ஆசைதான் கேக்கணுமா?
– எட்டாம் வகுப்பு மாணவி, வாணியம்பாடி

பதில்: விளக்கை விட்டு வெளிய வாம்மா. அலாவுதீன் கதை ஆயிரத்தொரு இரவுகளோட பழைய அரபுக் கையெழுத்துப் பிரதி எதுலயுமே இல்ல. 1709-ல பாரிஸ்ல அந்துவான் கலான்ங்கற பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளருக்கு, அலெப்போவுல இருந்து போன ஹன்னா தியாப்ங்கறவர் சொன்ன கதை அது, கதை நடக்கற இடம்னு அதுல சொல்லியிருக்கறதும் சீனா.

நம்ம ஜின் வேற. புகையில்லாத நெருப்பால படைக்கப்பட்டது, மனுஷனுக்கு முன்னாடியே வந்தது. சாப்பிடும், கல்யாணம் பண்ணும், புள்ள பெறும், சாகும். அதுலயும் நல்லவங்க கெட்டவங்க உண்டு, 72-வது சூரா பேரே ஜின்தான், குர்ஆன் ஓதறதைக் கேட்டு ஈமான் (இறைநம்பிக்கை) கொண்ட ஜின்கள் "எங்கள்லயும் நல்லவங்க இருக்காங்க, அப்படி இல்லாதவங்களும் இருக்காங்க"ன்னு பேசற இடம் அதுல வரும். அதுக்கு மறைவானதும் தெரியாது. சுலைமான் நபி (அலை) கைத்தடில சாஞ்சபடியே மவுத்தாயிட்டாங்க, ஜின்களுக்கு அது தெரியவே இல்ல, குடுத்த வேலையைச் செஞ்சுக்கிட்டே இருந்துச்சுங்க, பூச்சி தடியை அரிச்சு உடம்பு கீழ விழுந்தப்பதான் தெரிஞ்சுது. செத்துப்போன ராஜாவுக்குப் பயந்துக்கிட்டு வேலை செய்யற ஜின்கள், கேக்கற சத்தமெல்லாம் பூச்சி அரிக்கற சத்தம் மட்டும்தான். இதை வச்சு ஒரு கதை எழுதி எனக்கு அனுப்பு. சுலைமான் நபியைக் காட்டாம, ஒரு குட்டி ஜின் பக்கத்துல இருந்து எழுது.

கேள்வி: ராத்தா, நான் எழுதுற எல்லாமே அரபு பாலைவனத்துலதான் நடக்குது, ஒட்டகம், கூடாரம், ஈச்ச மரம். நான் வாழ்க்கையில ஒட்டகத்தையே நேர்ல பாத்ததில்ல. ஆனா எங்கட ஊரை வச்சு எழுதினா ஃபேண்டஸி மாதிரியே இல்ல.
– ஒரு வாசகர், புத்தளம்

பதில்: உமறுப் புலவர் இதைத் தலைகீழாப் போட்டவர். சீறாப்புராணத்தோட நாட்டுப் படலத்துல வர்ற அரபு நாட்டைப் பாருங்க, மேகம் திரண்டு மழை பெய்யுது, ஆறு பெருகுது, வயல்ல நாத்து நடறாங்க. அவர் மக்காவைப் பாக்காம எழுதிட்டார்னு சிலர் சொல்றதை என்னால ஏத்துக்க முடியல, தன் மனசுக்கு நெருக்கமான ஊரைத் தனக்குத் தெரிஞ்ச மருத நிலத்தால அலங்கரிச்சிருக்கார், தமிழ்க் காப்பியத்துக்கு நாடுன்னா அப்படித்தான் இருக்கணும். 5,027 பாட்டு, அதுல தசைக்கட்டியைப் பெண்ணுருவமைத்த படலம்னே ஒண்ணு இருக்கு, கை கால் இல்லாம வெறும் சதைப் பிண்டமா இருந்த அரசனோட மகள் நபியோட (ஸல்) துஆவால, பிரார்த்தனையால, பொண்ணா உருவம் எடுக்கறா. ஜின்கள் ஈமான் கொண்ட படலம் இருக்கு. இருட்டும் அற்புதமும் நமக்கு வெளியூர்ல இருந்து வரணும்னு இல்ல, தமிழ்லயே முந்நூறு வருஷத்துக்கு மேல இருக்கு.

நீங்க புத்தளத்துல உக்காந்திருக்கீங்க, நான் இந்தப் பக்கம் ராமநாதபுரம் கடக்கரை, நமக்கு நடுவுல மன்னார் வளைகுடா. முத்துக் குளிச்ச கடல், எங்க பக்கத்து மரைக்காயர்கள் முத்து யாவாரம் பண்ணினாங்க, முஸ்லிம் குளியாளுங்க கல்லைக் காலுல கட்டி இறங்கினாங்க. அந்தத் தொழில்ல கடல்கட்டின்னு ஒரு ஆள் உண்டு, கேள்விப்பட்டிருக்கீங்களா? சுறா கடிக்காம வாயைக் கட்டறவர். அவர் மந்திரிச்சாத்தான் குளியாளு தண்ணியில இறங்குவான், அவருக்குத் தனிப் பங்கு உண்டு. 13-ம் நூற்றாண்டுக் கடைசியில இந்தக் கடக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இதை எழுதி வச்சிருக்கார். அதுல ஒரு விஷயம் என்னைத் தூங்க விடல, பகல்ல போட்ட கட்டை ராத்திரி அவங்களே அவுத்து விட்டுருவாங்களாம், யாரும் ராத்திரியில திருட்டுத்தனமா இறங்கி முத்து எடுக்கக் கூடாதுன்னு.

இப்ப பாருங்க, ஒரு குளியாளு. கடன் கழுத்தை நெரிக்குது. தவக்குல்னு நம்பறவன், அல்லாஹ்வைத் தவிர யார்ட்டயும் காவல் கேக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவன். கரையில கடல்கட்டி மந்திரிக்கறார், அதுக்குக் கூலி தன் பங்குல இருந்து போகுது. வேணாம்னா தனியா இறங்கணும், வேணும்னா ஈமான் உறுத்துது. இல்லன்னா ராத்திரி இறங்கணும், கட்டு அவுந்த கடல்ல. இதுக்கு மேல ஃபேண்டஸிக்கு என்ன வேணும் உங்களுக்கு? தண்ணிக்குள்ள காது அடைக்கறது, மேல வந்ததும் மூக்குல ரத்தம் கசியறது, கரையில குவிச்ச சிப்பி அழுகற நாத்தம், இதெல்லாம் உங்க ஊர்ப் பெரியவங்க யாராச்சும் தாத்தா சொல்லக் கேட்டிருப்பாங்க, போய்க் கேளுங்க. ஒட்டகத்தை அதைப் பாத்து வளந்தவங்க எழுதட்டும்.

கேள்வி: நான் முஸ்லிம் இல்லை. ஜின் கதை எழுத ஆசை. எழுதலாமா, யாரும் கோவிச்சுக்குவாங்களா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமா எழுதுங்க. ஒரே ஒரு வேண்டுகோள், உங்க கதையில தொப்பி தாடியோட வர்ற ஒரே ஆள் மந்திரவாதியா இருக்கக் கூடாது. சுத்தி ஒரு தெரு இருக்கட்டும், அதுல மளிகைக்கடைக்காரர், டியூஷன் டீச்சர், கடன் வாங்கித் திருப்பித் தராதவர் எல்லாரும் இருக்கட்டும். அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு முஸ்லிம் சிநேகிதர்ட்ட படிக்கக் குடுங்க, அவர் முகம் சுளிக்கற இடத்துல ஏன்னு கேளுங்க.

கேள்வி: அக்கா, ஜின் பிடிச்ச பொண்ணு கதைகள் படிக்கறப்ப எனக்குக் கோபம் வருது. என் தங்கச்சிக்கு மனநோய். மூணு வருஷம் ஓதிப் பாக்கறேன், கயிறு கட்டறேன்னு அலைஞ்சு வீணாப் போச்சு, இப்ப மாத்திரையில நல்லா இருக்கா. நீங்க எல்லாம் இப்படிக் கதை எழுதி எழுதித்தானே ஜனங்க டாக்டர்ட்ட போக மாட்டேங்கறாங்க?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: உங்க கோபம் முழுக்க நியாயம். தங்கச்சி நல்லா இருக்கான்னு எழுதினீங்களே, அந்த வரியை ரெண்டு தடவை படிச்சேன்.

2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. ஏர்வாடியில தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்க வச்சிருந்த தனியார் காப்பகங்கள்ல ஒண்ணு, கூரைக் கொட்டாய். தீப்பிடிச்சுது. உள்ள இருந்தவங்களைச் சங்கிலியில கட்டி வச்சிருந்தாங்க, ஓட முடியல. 28 பேர் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம்தான் அந்த மாதிரி இடங்களை மூடினாங்க, சுப்ரீம் கோர்ட் தானா வழக்கை எடுத்துச்சு. எங்க மாவட்டத்துல நடந்தது இது. ஜின் பிடிச்ச பொண்ணுன்னு நான் ஒரு வரி எழுத உக்காந்தாலும் அந்தச் சங்கிலிதான் முதல்ல கண்ணு முன்னாடி வரும்.

அதனால நான் பண்றது இது. என் கதையில ஜின் மனுஷ உடம்புக்குள்ள ஏறி ஆடாது. எழுத ஆரம்பிச்ச காலத்துல அப்படி ஒரு கதை எழுதினேன், கட்டிப் போட்டு ஓதி விரட்டற மாதிரி முடிச்சேன், ஒரு பத்திரிகை அதைப் போட்டுச்சு, பாராட்டு கூட வந்துச்சு, ஆனா இப்ப அந்தக் கதையைத் தொகுப்புல சேக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். நோய் வந்தா மருந்து தேடுங்க, அல்லாஹ் மருந்து இல்லாம நோயை இறக்கலன்னு ஹதீஸ் இருக்கு, இது நம்ம மார்க்கம் சொல்றதுதான், டாக்டர்ட்ட போறதும் ஈமான்தான். ஓதறவங்க எல்லாரும் மோசடின்னும் நான் சொல்ல மாட்டேன், என் உம்மம்மா நெஞ்சுல கை வச்சு ஓதி ஊதினா எனக்குக் காய்ச்சலே பாதி இறங்கினாப்ல இருக்கும், அது ஆறுதல். ஆறுதலுக்குச் சங்கிலி தேவையில்ல. எழுதறவங்களுக்கு ஒரு யோசனை, உங்க கதையில யாருக்கு ஜின் பிடிச்சிருக்குன்னு முதல்ல சொல்றது யாரு, அப்படிச் சொல்றதால அவங்களுக்கு என்ன லாபம்னு பாருங்க. மருமகளுக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்ற மாமியார், சொத்துல பங்கு கேட்ட தங்கச்சிக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்ற காக்கா. கூப்பிட மட்டும்தான் முடியும்னு மேல சொன்னேனே, மனுஷங்க கூப்பிடறதும் அதுல சேத்திதான். கடைசி சூராவுலயே இருக்கு, நெஞ்சுல கெட்ட எண்ணத்தை ஊதி ஊசாட்டம் போடறவன் ஜின்லயும் உண்டு, மனுஷன்லயும் உண்டு.

கேள்வி: அரபு வார்த்தைகளுக்கு அடிக்குறிப்பு போடலாமா? எடிட்டர் எல்லாத்தையும் தமிழ்ப்படுத்தச் சொல்றார்.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: நம்ம ஆளுங்க பேசற தமிழைக் கவனிங்க. தொழுகை, நோன்பு, ஓதறது, பள்ளிவாசல், மறுமை, மையவாடி, இதுல பெரும்பாலும் சுத்தத் தமிழ். கூடவே புதைகுழிக்குக் கபுறு, பிணத்துக்கு மையத்து, அப்புறம் மீசான் கல்லுன்னு வரும். ரெண்டும் கலந்து வாயில என்ன வருதோ அதை எழுதுங்க. "மையவாடியில ரெண்டு மீசான் கல்லுக்கு நடுவுல புதுமண்ணு"ன்னு எழுதினா மீசான்னா என்னன்னு தெரியாதவனுக்கும் கபுறுக்கு நடற கல்லுன்னு புரிஞ்சிடும். அடிக்குறிப்பு போட்டா பயப்பட வேண்டிய நேரத்துல வாசகன் கீழ குனிஞ்சு படிச்சிட்டிருப்பான்.

கேள்வி: லாத்தா, என் கதையோட ஆரம்பத்தை அனுப்பறேன், நல்லா இருக்கான்னு சொல்லுங்க. "நள்ளிரவு பன்னிரண்டு மணி. அமாவாசை இருட்டு. எங்கோ நாய் ஊளையிட்டது. பாழடைந்த பங்களாவின் கதவு க்ரீச் என்று திறந்தது. வெள்ளைப் புடவையில் ஒரு உருவம்..." இன்னொண்ணு, எழுதிட்டு எனக்கே ராத்திரி பயமா இருக்கு, தூக்கம் வரல. எழுதறதை விட்டுடட்டுமா?
– பிளஸ் டூ மாணவி, மேலப்பாளையம்

பதில்: விடாதேம்மா. உனக்கே பயம் வருதுன்னா உன்கிட்ட சரக்கு இருக்குன்னு அர்த்தம்.

ஆனா இந்த ஆரம்பம் உன்னோடது இல்ல, நீ பாத்த சினிமாக்களோடது. மேலப்பாளையத்துல பாழடைஞ்ச பங்களாவுக்கு நீ எங்க போவே? வெள்ளைப் புடவை நம்ம வீட்ல யாரு கட்றா, நமக்கு வெள்ளைன்னா மையத்துக்குச் சுத்தற கபன் துணி, ஹஜ்ஜுக்கு உடுத்தற இஹ்ராம், பெரியும்மாவோட துப்பட்டி. அப்புறம் நள்ளிரவு. சின்ன வயசுல உன்னை எந்த நேரத்துல வீட்டுக்குள்ள வரச் சொல்லி கத்துவாங்க? மகுரிபு நேரம்தானே. பொழுது சாயறப்ப பிள்ளைகளை உள்ள வச்சுக்கோங்க, அந்த நேரம் சைத்தான்கள் பரவும், அல்லாஹ் பேரைச் சொல்லி கதவைச் சாத்துங்க, பாத்திரத்தை மூடி வைங்க, மேல ஒரு குச்சியைக் குறுக்க வச்சாவது மூடுங்கன்னு ஹதீஸ்லயே இருக்கு. எங்க வீட்ல சுடுதண்ணியைக் கொல்லையில கொட்டறதுக்கு முன்னாடி உம்மம்மா பிஸ்மி சொல்லுவாங்க, கண்ணுக்குத் தெரியாம அங்க யாராச்சும் உக்காந்திருந்தா வெந்துடுவாங்கன்னு. கறி தின்னு போடற எலும்புல அல்லாஹ் பேர் சொல்லி அறுத்த பிராணியோட எலும்பு ஜின்களுக்கு ஆகாரம், அதை அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு சொல்லுவாங்க, அதுவும் ஹதீஸ்ல உள்ளதுதான். அதாவது நம்ம வீட்லயே நம்ம கூடவே யாரோ குடியிருக்காங்க, அவங்களுக்கும் சேத்துத்தான் நாம தண்ணி கொட்டறோம், எலும்பு போடறோம். பங்களாவை விட்டுட்டு உங்க வீட்டு அடுப்படிக்கு வா.

நான் உன் ஆரம்பத்தை எடுத்து இப்படி மாத்திப் பாத்தேன், உனக்குப் பிடிச்சா வச்சுக்க.

"மகுரிபுக்கு பாங்கு சொல்லியாச்சு. உம்மா வாசல்ல நின்னு பிள்ளைகளை ஒவ்வொண்ணா தலையைத் தொட்டு உள்ள விட்டா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பிஸ்மி சொல்லி கதவைச் சாத்தினா, தாப்பாள் போட்டா. குடத்து மேல தட்டை வச்சு மூடினா. சோத்துக்கு உலை வைக்கறப்பதான் கை நின்னுச்சு. எனக்கு மூணு பிள்ளைதானே."

நாய் வேணாம், க்ரீச் வேணாம். அவ எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சிருக்கா, பாரு, பிஸ்மி சொல்லித்தான் கதவைச் சாத்தினா, சாத்தின கதவை சைத்தான் திறக்க மாட்டான், அதுவும் சரிதான், ஆனா அது ஏற்கனவே உள்ள வந்தாச்சு, அவளே தலையைத் தொட்டு உள்ள விட்டிருக்கா. இப்ப கூடத்துல நாலு பிள்ளை உக்காந்திருக்கு, நாலும் அவ ஜாடை, நாலும் உம்மான்னு கூப்பிடுது, நாலுக்கும் பசிக்குது. ஓதினா ஒண்ணு போயிடும்னு அவளுக்குத் தெரியும். எது போகும்னு தெரியாது. இத்தனை நாளா மடியில போட்டுத் தட்டித் தூங்க வச்சது எதுன்னும் தெரியாது. இங்க இருந்து உன் கதை, நான் தொட மாட்டேன்.

தூக்கத்துக்கு நான் பண்றதைச் சொல்றேன். இருட்டுக் கதையை நான் ராத்திரி எழுதறதில்ல, ஃபஜ்ரு தொழுதுட்டு விடியற வெளிச்சத்துல எழுதுவேன், பக்கத்துல தேத்தண்ணி, வெளிய மீன்காரர் சைக்கிள் பெல்லு. படுக்கப் போறப்ப ரெண்டு கையையும் சேத்து வச்சு குர்ஆன் கடைசியில "குல்"னு ஆரம்பிக்கற மூணு சூராவையும் ஓதி கையில ஊதி தலையில இருந்து உடம்பெல்லாம் தடவிக்க, நபி (ஸல்) அப்படித்தான் செய்வாங்கன்னு ஆயிஷா நாயகி (ரலி) சொல்லியிருக்காங்க, உங்க உம்மாவும் உனக்குச் சின்னதுல செஞ்சிருப்பாங்க. அதுக்கப்புறமும் பயமா இருந்தா உம்மா பக்கத்துல போய்ப் படுத்துக்க, பிளஸ் டூ படிச்சா என்ன.

பரீட்சை முடிஞ்சதும் கதையை எழுதி அனுப்பு. அன்னைக்கு ராத்திரி அவ எத்தனை தட்டுல சோறு போட்டான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.